நான்கு மூலை அப்பம்

ஜெனோவா, இத்தாலி
28 டிசம்பர் 1987

இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ்!

அன்புள்ள அப்பாவுக்கு, கிங்கா எழுதுவது.

நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? குளிரில் கோயில் மேல்மாடத்துக்கு ஏறும்போது நான் பின்னிக் கொடுத்த கம்பளிப் பட்டையைக் கட்டிக்கொள்கிறீர்களா? இல்லை, வழக்கம்போல எலி வராமல் இருக்க அதை ஆர்கன் பெட்டிக்குள் அடைத்து வைத்திருக்கிறீர்களா?

மே மாதம் நம் கோயில் பங்கின் யாத்திரை பஸ்ஸில் ரோமாபுரிக்கு வந்து, திரும்பும் நாளில் ஏறாமல் நின்றுவிட்டேன். அதன் பிறகு இது உங்களுக்கு நான் எழுதும் மூன்றாவது கடிதம். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஒரு இருக்கை காலியாக அந்த பஸ் ஊருக்குள் வந்தபோது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பங்கின் ஆர்கன்காரர் மகள் புருஷனை விட்டு ஓடிவிட்டாள் என்று பேசியிருப்பார்கள். ஆனால் ரொமானிடம் திரும்பிப் போக என்னால் முடியவில்லை அப்பா. நல்ல நாளும் அதுவுமாக அதைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை.

இங்கே ஓர்சோலா அம்மாள் என்ற ஒரு கப்பல் கேப்டனின் விதவையைப் பார்த்துக்கொள்கிறேன். நாற்காலியை விட்டு எழ முடியாதவர், வாய் மட்டும் ஊரெல்லாம் சுற்றிவரும். துறைமுகத்துக்கு மேலே புனித சூசையப்பர் கோயில் இருக்கிறது. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறேன். ஆர்கன் வாசிக்கிறவர் தூங்கிக்கொண்டே வாசிக்கிறார். நீங்கள் கேட்டால் படியேறிப் போய் அவர் காதைத் திருகுவீர்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை முதல் நட்சத்திரத்துக்காக ஜன்னலில் நின்றேன். மேசைத் துணிக்கு அடியில் பரப்ப வைக்கோல் வேண்டுமே, கப்பல் நிற்கிற ஊரில் எங்கே போவேன்? பீங்கான் கடைக்காரர் தட்டு சுற்றி வந்த வைக்கோலைக் கொடுத்தார். மீன் வறுத்தேன். பீட்ரூட் சூப் வைத்தேன். எதிர்பாராத விருந்தாளிக்கு ஒரு தட்டும் போட்டேன். அப்பம் மட்டும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் பிறந்ததும் இரும்பு அச்சில் நீங்கள் சுடுகிற, குடும்பமாக உடைத்துப் பகிர்கிற அந்த மெல்லிய அப்பம் பங்கில் ஒரு வீடு தவறாமல் போகும். சிகாகோ சித்தப்பாவுக்குக்கூட ஒரு மூலையை உடைத்துத் தின்றுவிட்டு மீதியை உறையில் போட்டு அனுப்புவீர்கள். மூலை போயிருந்தால்தான் அனுப்பியவர் நம்மோடு பகிர்ந்தார் என்று அர்த்தம் என எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். எனக்கும் அனுப்பியிருப்பீர்கள், வரவில்லை. தபாலில் தொலைந்துவிட்டது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். நான் நம்பிவிடுவேன்.

முத்தங்களுடன்,
உங்கள் கிங்கா

*

ஓல்ஷின்கா
20 ஜனவரி 1988

என்றென்றும். ஆமென்.

மகள் கிங்காவுக்கு,

தபாலில் ஒன்றும் தொலையவில்லை. நான் அனுப்பவில்லை.

நான் இந்தப் பங்கின் ஆர்கன்காரன். வீட்டுக்கு வீடு அப்பம் கொண்டுபோகிறவன். எந்த வாசலில் நின்றாலும் முதலில் உன்னைப் பற்றித்தான் கேட்டார்கள், அப்புறம்தான் கூடையைப் பார்த்தார்கள். என்ன முகத்தோடு நின்றிருப்பேன் என்று நினைத்துக்கொள். ஆண்டவர் போட்ட முடிச்சை ஒரு பஸ் பயணத்தில் அவிழ்க்க முடியாது. அதுவும் யாத்திரை பஸ்! வேறு பஸ்ஸே கிடைக்கவில்லையா உனக்கு?

ரொமான் ஒவ்வொரு ஞாயிறும் பாடல்குழுவில் பாட வருகிறான். நடுச்சாமப் பூசையில் அவன் அடிக்குரல் எடுத்தபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. குடிக்கிறான், மறுக்கவில்லை. இந்த ஊரில் யார் குடிக்கவில்லை? கை ஓங்குவான் என்று ஹெலா அத்தையிடம் சொல்லியிருக்கிறாயாம். நான் ஒன்றும் பார்க்கவில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும். அவரவர் சிலுவையை அவரவர்தான் சுமக்க வேண்டும்.

இன்னொன்று, இதைக் கவனமாகக் கேள். அங்கே பூசைக்குப் போகிறாய், சந்தோஷம். ஆனால் பீடத்துக்கு எழுந்து போய் ஆண்டவரின் உடலான நற்கருணையை வாங்காதே. புருஷனை விட்டு வந்தவள் அந்த நிலையில் நற்கருணை வாங்கினால் பாவத்துக்கு மேல் பாவம். அப்பனாகச் சொல்கிறேன். வாலிப வயதிலிருந்து பீடத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறவனாகவும் சொல்கிறேன்.

க்ராசுலா கன்று போட்டிருக்கிறது, கிடேரி. ஹெலா அத்தைக்குப் பல்வலி, ஆனாலும் பேச்சு குறையவில்லை.

வந்து புருஷனோடு சேர். உன் தட்டு மேசையில்தான் இருக்கிறது. அப்பமும் இருக்கிறது.

இக்னாசி பியெலாக்

*

ஜெனோவா
18 பிப்ரவரி 1988

இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ்!

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று சாம்பல் புதன் பூசையில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்து உங்கள் கடிதத்தை மறுபடி வாசித்தேன். பொய் சொல்லத் தெரியாத அப்பா எனக்கு. தொலைந்துவிட்டது என்று ஒரு வரி எழுதினால் உங்களுக்கு என்ன குறைந்திருக்கும்?

கொஞ்சம் வருத்தமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ரொமானை எனக்கு எதற்காகப் பார்த்தீர்கள் என்று ஊருக்கே தெரியும். பாடல்குழுவில் அடிக்குரலுக்கு ஆள் இல்லை. பக்கத்துப் பங்கில் யாராவது இவனைத் தன் மகளுக்குப் பேசினால் குரல் அந்தப் பங்குக்குப் போய்விடும் என்று அவசரப்பட்டீர்கள். அம்மா உயிரோடு இருந்திருந்தால், இவன் பாடாத நேரத்தில் எப்படி என்று யாரிடமாவது கேட்டிருப்பாள்.

ஒன்றும் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பார்த்தீர்கள் அப்பா. திரு இருதய வழிபாட்டு மாலையில் உதடு கிழிந்து, கன்னம் வீங்கி, வேறு எங்கே போவது என்று தெரியாமல் மேல்மாடத்துக்கு ஏறி வந்தேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தீர்கள். "பக்கத்தைப் புரட்டும்மா, ஆரம்பிக்கப் போறாங்க" என்றீர்கள். புரட்டினேன். கீழே ரொமான் பாடிக்கொண்டிருந்தான்.

கிறிஸ்துமஸ் மாலையில் க்ராசுலாவுக்கும் அப்பம் கொடுப்பீர்கள், சிவப்புச் சாயம் கலந்து. பெத்லகேம் தொழுவத்தில் மாடும் நின்றது, அதற்கும் பங்கு உண்டு என்பீர்கள். இந்த வருடமும் கொண்டுபோய் ஊட்டியிருப்பீர்கள். மாட்டுக்குக் கொடுத்ததை மகளுக்குக் கொடுக்க மனசு வரவில்லையா?

நற்கருணை விஷயத்தில் நீங்கள் சொன்னபடியே நடக்கிறேன். அதில் உங்களுக்குக் கவலை வேண்டாம். பாஷை தெரியாத ஊரில் பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிட்டு எதைச் சொல்வேன், யாரிடம் கேட்பேன்? ஆர்கன் பலகையில் பக்கத்தில் உட்காரவைத்து எனக்கு மந்திரம் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள். உங்களை நம்பாமல் யாரை நம்புவது? போன ஞாயிறு எல்லாரும் எழுந்து பீடத்துக்குப் போனார்கள். நான் பின் வரிசையில் உட்கார்ந்து அவர்களுடைய காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிடேரிக்குப் பெயர் வைத்தாயிற்றா?

உங்கள் கிங்கா

*

ஓல்ஷின்கா
12 டிசம்பர் 1988

இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ்!

கிங்காவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் கோபம்தான். வேறு ஏதாவது சொன்னால் பொய்.

பழைய பங்குச் சாமி மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக சேனோன் சாமி வந்திருக்கிறார். என் வயதில் பாதிகூட இல்லை. பாட்டை இழுக்காதீர்கள், ஜனங்களுக்கு மூச்சு முட்டுகிறது என்கிறார். எனக்கு வாசிக்கச் சொல்லித் தருகிற காலம் வந்துவிட்டது. இருக்கட்டும்.

நான் அப்பக் கூடையை நிரப்பிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார். வெளியூருக்கெல்லாம் யார் யாருக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். மகளுக்கு அனுப்பியாயிற்றா என்றார். நான் கூடையைத் துணியால் மூடினேன். "இன்னைக்கே அனுப்பிடுங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார். சாமி சொல்லைத் தட்டுகிறவன் நான் இல்லை.

அனுப்பியிருக்கிறேன். நான்கு மூலையும் இருக்கும். ஏன் என்று உனக்குத் தெரியும்.

கிடேரிக்குப் பெயர் வைக்கவில்லை. அந்தக் கொட்டிலுக்குள் நான் இப்போது அதிகம் போவதில்லை. உன் கடிதத்துக்குப் பிறகு அந்த மாடு என்னைப் பார்த்தால் எனக்கு என்னவோ போல இருக்கிறது. ஹெலாதான் பால் கறக்கிறாள். இந்த வருடம் சிவப்பு அப்பம் சுடவும் இல்லை.

கடல் காற்று ஈரம். நெஞ்சை மூடிக்கொண்டு நட.

இக்னாசி பியெலாக்

*

ஜெனோவா
6 ஜனவரி 1989, மூன்று ராஜாக்கள் திருநாள்

என்றென்றும். ஆமென்.

அன்புள்ள அப்பாவுக்கு,

கிடைத்தது. வீட்டுக்குள் போகிறவரை பொறுமை இல்லை, படிக்கட்டிலேயே உறையைக் கிழித்தேன். விரலால் ஒவ்வொரு மூலையாகத் தடவிப் பார்த்தேன். பிறகு முதலிலிருந்து இன்னொரு தடவை.

கோபம் வரவில்லை. அழுகை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓர்சோலா அம்மாள் என் கையிலிருந்து பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பிஸ்கட்டா? அழகு பாத்தது போதும், ஆளுக்குப் பாதி எடு" என்றார். வீட்டில் பெரியவர்தான் முதலில் உடைக்க வேண்டும், அப்பா இன்னும் உடைக்கவில்லை என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஜெபப் புத்தகத்தின் நடுவில் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அங்கேயே இருக்கட்டும், நான் தொடமாட்டேன்.

அவருக்கு என்னிடம் இன்னொரு குறை. ஞாயிறுதோறும் அவரை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு போய் நற்கருணைக்கு முன்னால் நிறுத்திவிட்டு, நான் திரும்பிப் பின் வரிசைக்கு வந்துவிடுகிறேன். ஏன் என்று துளைத்தெடுத்தார். அப்பா வேண்டாம் என்று சொன்னார் என்றேன்.

"உங்கப்பா என்ன பாப்பரசரா?"

"பாப்பரசர் சொன்னா கொஞ்சம் யோசிப்பேன். எங்கப்பா சொன்னா யோசிக்க மாட்டேன்" என்றேன். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது.

சிரிப்பாகச் சொன்னேனே தவிர, சில ஞாயிறுகளில் ரொம்ப ஏக்கமாக இருக்கிறது அப்பா. பசியோடு சமையல் வாசனை பிடிப்பது போல. சின்ன வயதில் முதல் நற்கருணை வாங்கின நாளில் வெள்ளைக் கவுனோடு மேல்மாடத்துக்கு ஓடி வந்தேன். நீங்கள் வாசிப்பதை நிறுத்தாமலே ஒரு கையால் என்னைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டீர்கள். நினைவிருக்கிறதா?

மாட்டின் மேல் கோபப்படாதீர்கள். அது என்ன செய்யும்?

உங்கள் கிங்கா

*

ஓல்ஷின்கா
8 டிசம்பர் 1989, அமல உற்பவ மாதா திருநாள்

இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ்!

என் அன்பு மகள் கிங்காவுக்கு,

இதில் இருக்கிற அப்பத்தை முதலில் எடுத்துப் பார். பார்த்துவிட்டு மேலே வாசி.

போன கிறிஸ்துமஸ் முடிந்ததும் வழக்கம்போல சாமியும் நானும் வீடு மந்திரிக்கப் போனோம். வாசலில் நான் கிறிஸ்துமஸ் பாட்டு எடுப்பேன், சாமி தீர்த்தம் தெளிப்பார், உனக்குத் தெரிந்ததுதான். ரொமான் வீட்டுக்கும் போனோம். மேசையில் வெள்ளைத் துணி, சிலுவை, இரண்டு மெழுகுதிரி, ஒரு குறை சொல்ல முடியாது. அவன் என்னோடு சேர்ந்து அடிக்குரலில் பாடினான். சாமி உள்ளறையில் தீர்த்தம் தெளிக்கப் போனவர் அந்தக் கதவின் முன்னாலேயே நின்றுவிட்டார். கதவின் நடுவில் ஒரு ஒட்டுப் பலகை அடித்திருக்கிறதே, அந்தக் கதவுதான். நானும் வருடா வருடம் பார்க்கிற கதவு. தச்சு வேலை என்று நினைத்திருந்தேன். என்ன ஆயிற்று இதற்கு என்று சாமி கேட்டார்.

ரொமான் சிரித்தான். "பொம்பளை உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா, கோடாலிய எடுத்துக் கதவுகிட்டதானே கேக்கணும் சாமி?"

எனக்குப் பாட்டு நின்றுவிட்டது. எந்த அடியில் நின்றது என்றுகூட ஞாபகம் இல்லை. ரொமான் மட்டும் பாடி முடித்தான். நல்ல குரல் கிங்கா.

வெளியே பனியில் நடந்தோம். சாமி உன்னைப் பற்றிக் கேட்டார். மகள் பூசைக்குப் போகிறாள், ஆனால் நான் சொன்னதற்குக் கட்டுப்பட்டு நற்கருணை வாங்குவதில்லை என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன், அதை எழுதாமல் இருக்க முடியாது. அவர் வழியிலேயே நின்றுவிட்டார். உயிருக்குப் பயந்து விலகிப் போன பெண்ணிடம் பாவம் எங்கே இருக்கிறது, வேறு ஒருவனோடு குடித்தனம் நடத்துகிறாளா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் அவள் நற்கருணை வாங்க எந்தத் தடையும் என்றைக்கும் இருந்ததில்லை என்றார்.

"ஆண்டவர் வான்னு கூப்பிட்ட பிள்ளையைத் தடுக்க நீங்க யாரு ஐயா?"

அவ்வளவு சின்ன வயதுக்காரர் என்னை அப்படிக் கேட்டார். இத்தனை வருடம் பீடத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன் என்று பெருமை பேசினேனே, எதிரே உட்கார்ந்ததில் நான் என்ன கற்றேன்?

ரொமானைப் பாடல்குழுவிலிருந்து நிறுத்திவிட்டேன். பாட்டு மொட்டையாகத்தான் இருக்கிறது. ஜனங்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

உடனே உனக்கு எழுதியிருக்கலாம். இப்படிப்பட்ட விஷயத்தை ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை சாதாரணமாக எழுதக்கூடாது, திருவருகைக் காலம் வரட்டும், மூலை உடைத்த அப்பத்தோடு முறையாகப் போகட்டும் என்று வைத்திருந்தேன். இன்றைக்கு உடைத்தேன். வலப்பக்கத்து மேல் மூலை. தின்றும்விட்டேன்.

நீ நற்கருணை வாங்கு மகளே. நான் சொன்னது தப்பு. இந்த ஞாயிறே போ.

க்ராசுலாவுக்கு இந்த வருடம் சிவப்பு அப்பம் சுட்டிருக்கிறேன். கிடேரிக்கும் சேர்த்து.

உன் அப்பா

*

ஜெனோவா
8 ஜனவரி 1990

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதமும் அப்பமும் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டன. வலப்பக்கத்து மேல் மூலை இல்லாததைப் பார்த்தேன். நன்றி அப்பா. நிஜமாகவே சொல்கிறேன்.

நானும் சில விஷயங்களை எழுதாமல் வைத்திருந்தேன். ஜூலை மாதம் எனக்கு வயிற்றில் ஒரு கட்டி என்று அறுவை செய்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறேன், பயப்பட வேண்டாம். நீங்கள் பதறுவீர்கள் என்றுதான் எழுதவில்லை. அறுவைக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரி சாமியார் நற்கருணைப் பாத்திரத்தோடு கட்டில் கட்டிலாக வந்தார். என்னிடம் வந்ததும், "வேண்டாம் சாமி" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போனார். வார்டு கடைசிவரை அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் மயக்க ஊசி போட்டபோது, இப்படியே போய்விட்டால் ஆண்டவர் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார் என்று நினைத்துக்கொண்டுதான் கண்ணை மூடினேன்.

அது ஜூலை. உங்களுக்கு ஜனவரியிலேயே தெரியும்.

குத்திக் காட்ட எழுதவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை கடிதம் வந்திருந்தால் போதுமாக இருந்திருக்கும், அதைத்தான் சொல்கிறேன்.

ஓர்சோலா அம்மாள் அக்டோபரில் இறந்துபோனார். அவருடைய மகன், வீட்டை விற்கிறவரை இங்கேயே இருக்கச் சொல்லியிருக்கிறார். கிறிஸ்துமஸ் பூசைக்குத் தனியாகத்தான் போனேன். உங்கள் கடிதம் கோட்டுப் பையில் இருந்தது. எல்லாரும் எழுந்தார்கள். இனி என்னைத் தடுக்க ஒருவரும் இல்லை. பாவசங்கீர்த்தனம்கூட செய்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். சாமியார் உங்கள் சேனோன் சாமி சொன்னதையே சொன்னார். போகலாம் என்று மனசு சொல்கிறது அப்பா, கால் எழவில்லை. அடுத்த ஞாயிறும் பார்த்தேன். நேற்றும் பார்த்தேன். பின் வரிசை எனக்குப் பழகிவிட்டது. முன்பு இருந்த ஏக்கமும் இப்போது வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஜெபம் சொல்கிறேன், அந்தப் பக்கம் யாரும் கேட்கிற மாதிரி இல்லை.

நீங்கள் முதல் தடவை அனுப்பிய நான்கு மூலை அப்பம் ஜெபப் புத்தகத்திலேயே இருந்து பழுப்பேறிப் போயிற்று. புதிதாக வந்ததையும் அதன் பக்கத்தில் வைத்தேன். தின்ன முடியவில்லை. தனியாக ஒருத்தி உட்கார்ந்து தின்பதற்கு அது என்ன மருந்தா?

இனிமேல் அப்பம் அனுப்ப வேண்டாம் அப்பா. கோபம் இல்லை. பார்க்கும்போதெல்லாம் கஷ்டமாக இருக்கிறது, அவ்வளவுதான். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்குப் பட்டை கட்டுங்கள்.

கிங்கா

*

ஓல்ஷின்கா
5 மார்ச் 1990

என் மகளே,

என் "புகழ்" வாழ்த்துக்கு நீ "ஆமென்" எழுதவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த நாளிலிருந்து மேலே புகழோ ஆமெனோ இல்லாமல் உன்னிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்ததில்லை. அதனால் நானும் மேலே ஒன்றும் எழுதாமல் ஆரம்பித்திருக்கிறேன்.

ஜூலை மாதம் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? ஆர்கன் குழாய்களைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். உனக்கு எழுத வேண்டிய கடிதம் என் தலைக்குள் தயாராக இருந்தது. முறையாக, காலத்தோடு அனுப்ப வேண்டும் என்று காத்திருந்ததாக எழுதினேனே, அது முறை இல்லை கிங்கா. வெட்கம். மகளிடம் தப்பென்று சொல்ல ஒரு திருநாளின் மறைவு தேவைப்பட்டது எனக்கு. நீ மயக்க ஊசிக்குக் கண்ணை மூடினபோது என்ன நினைத்தாய் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை என்னால் இரண்டாம் தடவை வாசிக்க முடியவில்லை. நீ திரும்பக் கண் விழிக்காமல் போயிருந்தால் நான் யாரிடம் போய் நின்றிருப்பேன்?

நம்பிக்கை என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டிருந்தால், எல்லாப் பாட்டும் தெரியும், எல்லாத் திருநாளும் தெரியும் என்று சொல்லியிருப்பேன். உனக்கு இருந்தது வேறு. பசியோடு பின் வரிசையில் உட்கார்ந்திருந்தும் ஒரு ஞாயிறுகூட நீ போகாமல் இருக்கவில்லை. அந்தப் பசியைப் போக்கடித்தவன் நான். அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை. சாமியிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்காருங்கள் என்று மட்டும் சொன்னார்.

அதனால் பாஸ்போர்ட் வாங்கினேன். தலைநகர் வார்சாவுக்குப் போய் விசாவுக்கு வரிசையில் நின்றேன். முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டுதான் நின்றேன், நம்பு. இதற்குள் கிறிஸ்துமஸ் காலத்தை முடித்துவைக்கிற மெழுகுதிரித் திருநாள் போய்விட்டது, சாம்பல் புதனும் போய்விட்டது. தவக்காலத்தில் கிறிஸ்துமஸ் அப்பத்தோடு பஸ் ஏறுகிற முதல் ஆர்கன்காரன் நான்தான். ஹெலா தலையில் கை வைத்துக்கொண்டாள். "காலம் தெரியாம எதையும் செய்யமாட்டீங்களே, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றாள். காலம் பார்த்ததுதான் ஆச்சு என்றேன்.

நான் திரும்புகிறவரை பாடல்குழு ஆர்கன் இல்லாமல் பாடும். அடிக்குரலும் இல்லை, ஆர்கனும் இல்லை. ஆண்டவர் கேட்டுக்கொள்வார்.

நீ எழாவிட்டால் நானும் நற்கருணைக்கு எழமாட்டேன் என்று சாமியிடம் சொன்னேன். "மறுபடியும் சட்டம் போட ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று சிரித்தார். சட்டம் எல்லாம் இல்லை. உன்னைத் தனியாக உட்காரவைத்துவிட்டு நடந்துபோக என் காலும் எழாது, அவ்வளவுதான்.

என்னைக் கூட்டிப்போக பஸ் நிலையத்துக்கு வர வேண்டாம். வீட்டுக் கதவைத் தட்டவும் மாட்டேன். துறைமுகத்துக்கு மேலே புனித சூசையப்பர் கோயில் என்று முதல் கிறிஸ்துமஸ் கடிதத்தில் எழுதியிருந்தாய். விசாரித்து வந்துவிடுவேன். இருபத்தைந்தாம் தேதி ஞாயிறு காலைப் பூசைக்குப் பின் வரிசையில் இருப்பேன். தூங்கிக்கொண்டே ஆர்கன் வாசிக்கிறவருடைய காதைத் திருகமாட்டேன்.

அப்பம் அனுப்ப வேண்டாம் என்றாய். அனுப்பவில்லை. கையில் கொண்டுவருகிறேன். நான்கு மூலையும் இருக்கும், நான் உடைக்கவில்லை. பெரியவர்தான் முதலில் உடைக்க வேண்டும் என்று அத்தனை நாள் காத்திருந்தாய். இந்தத் தடவை நீ உடை.

அந்த ஞாயிறு நீ வராவிட்டால், அடுத்த ஞாயிறும் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன்.

உன் அப்பா